மதி என்றால் போதும்

என் பெயர் மதி. அவரிடம் நான் வேலை பார்த்த ஒன்றரை வருடத்தில், கடைசி வாரம்வரை அவர் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

முதல் நாள் நான் போனபோது அவர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கிரீஸ் ஏறிய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தப் பாதங்களிடம்தான் வேலை கேட்டேன். பேர் என்ன என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மதி என்றேன். சக்கரப் பலகை உருண்டது. அவர் மல்லாந்தபடியே வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

“போதும்னா?”

“இல்லை, நிலா.”

“அது உங்க அப்பாவுக்கு. கொச்சியிலே மதின்னா மதிதான். ஒரு பொண்ணைப் பார்த்து நாள் பூரா மதி, மதின்னு சொல்றது நல்லால்ல. எந்தா படிச்சே?”

ஆட்டோமொபைலில் டிப்ளமா என்றேன்.

“அப்போ நீ டிப்ளமா” என்றார். பலகை மறுபடி உள்ளே போய்விட்டது. வேலை கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றிருந்தேன்.

மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று பொருள். கொச்சியில் வளரும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் பெயர் எவ்வளவு தொல்லை என்பது தேனிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த என் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது, வீட்டில் எத்தனையாவது பெண் என்று கேட்டார். மூன்றாவது என்றேன். மதி என்று வைத்தது சரிதான் என்றார். வகுப்பு சிரித்தது. பத்தாம் வகுப்புவரை சிரித்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை யாரும் கேட்காமலே சொல்வேன். அக்காக்கள் இருவரும் அம்மாவோடு காய்கறி விற்றார்கள். சுள்ளிக்கல் பகுதியில் ஒற்றை அறை வாடகை வீடு. மின்சார பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, வீட்டுக்காரர் ஒட்டிவிட்டுப் போகும் காகிதம் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொன்னேன். நான் என்ன வாசித்தேனோ அதுதான் அந்த வீட்டில் எழுதியிருந்தது. அம்மாவுக்குப் பயம் தரும் வரி இருந்தால் தாண்டிவிடுவேன். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

ஆகவே, டிப்ளமா என்று அவர் கூப்பிட்டபோது பக்கத்துச் சாயாக்கடைக்காரர் சிரித்தாலும், எனக்கு அது பட்டமாகத்தான் கேட்டது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு. குடும்பம் கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. தமிழில் தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் மலையாளத்தில் முடியும். மலையாளப் பத்திரிகை வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளின் வரிசையில் ஒரு கிடங்கின் முன்பாதிதான் அவருடைய ஒர்க்‌ஷாப். என்ன கழுவினாலும் அங்கே ரிப்பேருக்கு வந்த கார்கள் சுக்கு வாசனையோடுதான் திரும்பிப் போகும். கிளட்ச் வேலை மட்டும் செய்வார். வேறு எதைக் கொண்டுவந்தாலும் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டால் இது மதி என்பார்.

என் பெயரைச் சொல்ல மறுத்தவர் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னார். சாயா ஊற்றும்போது தம்ளர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்ததும் ஆள்காட்டி விரலை உயர்த்தி மதி என்பார். ஒருநாள் சாயாக்கடைக்காரர் வேண்டுமென்றே கேட்காதவர்போல வழிய வழிய ஊற்றினார். இவர் தன் அளவுக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தார்.

“அந்த ரெண்டு விரல் உள்ளே போனா நெஞ்சு பொட்டி வெடிச்சுப் போகுமோ?” என்றார் கடைக்காரர்.

“உனக்குக் கழுவற வேலை மிச்சம் பண்றேன். வழிஞ்சா தம்ளரோட மேஜையையும் கழுவணும்” என்றார் இவர்.

ஃபேனை இரண்டாம் வேகத்துக்கு மேல் வைக்க விடமாட்டார். எனக்கு வியர்த்துக் கொட்டும். போல்ட் முடுக்கும்போது ஒரு இடத்தில் அவர் கை தானாக நிற்கும். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நான் சரிபார்த்திருக்கிறேன், புத்தகத்தில் போட்ட அளவில் நிற்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

வீட்டில் தமிழ்தானே, போதும் என்று சொன்னால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சின்ன வயதில் சோறு பற்றாத வீடு. அம்மா ஐந்து பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது போதும் என்று தட்டை இழுத்துக்கொள்வாள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் இன்றைக்கும் யாரோ தட்டைப் பிடுங்குவதுபோல இருக்கிறதாம். மதி என்பது மற்றவர்கள் வீட்டில் கேட்ட வார்த்தை. வயிறு நிறைந்தவர்கள் தாங்களே சொல்லும் வார்த்தை.

“அதனால அது நம்ம வாயிலே வராது டிப்ளமா. இதைத்தான் வெச்சிருக்கேன்.”

எனக்கு அவருடைய இந்தக் குணம் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கிடங்கின் பின்பாதியும் ஒரு காலத்தில் அவருடையதாக இருந்தது. கூட்டாளி ஒருவர் பிரிந்துபோகும்போது அதைக் கேட்டார், இவர் கொடுத்துவிட்டார். அந்தக் கூட்டாளி பைபாஸ் பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த கடை போட்டு இவருடைய ஆட்களில் பாதியைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய விளம்பரப் பலகையில் இவர் சொல்லிக்கொடுத்த வேலைகள் வரிசையாக எழுதியிருந்தன. நான் அதை போனில் படமெடுத்துவந்து காட்டினேன். நல்ல லைட் போட்டிருக்கான் என்றார். அவ்வளவுதான். ஐந்து பேர் படுக்கும் அறையில் சுவரோரம் இடம்பிடிக்கத் தினம் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். மதி என்று சொல்ல முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளட்ச் என்பது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் தட்டு. இடது காலால் பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், காலை எடுத்தால் சேரும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இன்ஜினின் பலத்தைக் கூட்டிவிடுவார்கள். அப்போது கம்பெனி போட்ட கிளட்சால் அந்தப் பலத்தைத் தாங்க முடியாது, வழுக்கும். அதற்கு மேல்தரமான கிளட்சுகளை வெளிக் கம்பெனிகள் செய்து விற்கின்றன. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று பிடிமானம் கூடிக்கொண்டே போகும், பெடலும் கனத்துக்கொண்டே போகும். வருகிறவர்கள் எல்லோரும் மூன்றாம் நம்பர்தான் கேட்பார்கள். கொச்சி முழுக்க இருபது மீட்டர் நேர்ரோடு கிடைக்காது, ஆனால் மூன்றாம் நம்பர் வேண்டும்.

அவர் குதிரைசக்தி எவ்வளவு என்று கேட்க மாட்டார். வாங்க, ஒரு சவாரி போவோம் என்பார். காலை பதினொரு மணிக்குத்தான் கூப்பிடுவார். அப்போது பஜார் ரோட்டில் லாரிகள் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். கார்க்காரர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆள் கிளட்சை எத்தனை தடவை மிதிக்கிறார் என்று விரல்விட்டு எண்ணுவார். ஒரு கிலோமீட்டர் போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பி வந்ததும் கார்க்காரரின் இடது முழங்காலைத்தான் பார்ப்பார். இறங்கும்போது கை அங்கே போனால் ஒன்றாம் நம்பர். அந்தச் சவாரிக்குப் பிறகும் மூன்று கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோகிற ஒருவருக்கு மட்டும் போட்டுக்கொடுத்தார். மற்றவர்களிடம் பைபாஸ் கடைக்கு வழி சொல்லிவிட்டார்.

“பிடிக்கிறது எல்லாக் கிளட்சும் பிடிக்கும். மெல்ல விடுமா? அதை நோக்கணும்” என்பார்.

வேலை முடிந்ததும் அவர் செய்யும் ஒரு காரியம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு வெறும் இடது பாதத்தால் பெடலை அழுத்தி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடுவார். தட்டு பிடிக்கத் தொடங்கும் இடம் காலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மதி என்று இறங்குவார். தெரியாவிட்டால் ஒரு நாள் வேலையையும் பிரித்து கியர்பாக்ஸை மறுபடி இறக்குவார். யார் கெஞ்சினாலும் வண்டியை விட மாட்டார். அந்த இடது கால்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். மற்றதெல்லாம் இரும்பு.

அந்தக் காலைப் போக்கியது நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சிவப்புக் கார் வந்தது. இரண்டே சீட்டு. அதன் சொந்தக்காரர் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர். இன்ஜினின் பலத்தைக் கூட்டப் பெரிய டர்போ மாட்டியிருந்தார். மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் அலறியது, கார் அதே வேகத்தில் போனது. கிளட்ச் வழுக்குகிறது. பதினொரு மணிச் சவாரி போனார்கள். இறங்கும்போது கார்க்காரரின் கை இடது முழங்காலுக்குப் போனதை நானும் பார்த்தேன்.

“ஒண்ணாம் நம்பர் மதி சாரே” என்றார் இவர்.

அவர் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு செலவு செய்து இன்ஜினை ஏற்றியிருக்கிறேன், கிளட்சில் போய் ஒன்றாம் நம்பரா என்றார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். டர்போ எவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது, இன்ஜினின் முறுக்குவிசை எவ்வளவு வரும் என்று கேட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒன்றாம் நம்பர் தாங்கும், ஆனால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். மூன்றாம் நம்பரில் அந்த மிச்சம் இரண்டு மடங்கு. கட்டம் கட்டி எழுதிக் காட்டினேன். கணக்கு சரி. இன்றைக்கும் சரி. அந்தக் கட்டத்தில் பஜார் ரோடு இல்லை, முழங்காலும் இல்லை.

கார்க்காரர் காகிதத்தை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார். “ஆசானே, இத்தனை விவரமுள்ள ஆளை இந்த மூலையிலே வெச்சிட்டிருக்கீங்களே” என்றார்.

இவர் சிரித்தார். அதில் குறையொன்றும் இல்லை. எங்க டிப்ளமா அல்லவா என்றார். ஆனால் ஒன்றாம் நம்பர் என்பதை மாற்றவில்லை. ஆர்டர் போடும் முன் ஒருமுறை கேள் என்று மட்டும் சொன்னார். அன்றிரவு வீட்டில் அந்தப் பாராட்டை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அப்பா இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வைப்பின் தீவில் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு, கார்களை ஏற்றிவரும் ஜங்கார் படகில் ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பெங்களூர் சப்ளையர் அன்றைக்குள் ஆர்டர் கேட்டிருந்தார். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு போன் போட்டேன். படகு இன்ஜின் இரைந்தது. பட்டியலை வாசிக்கத் தொடங்கினேன். ஒன்றாம் நம்பர் ஸ்டாக் இருக்கிறது என்றேன்.

“மதி” என்றார்.

தெளிவாகக் கேட்டது. ஒன்றரை வருடம் தினமும் கேட்ட சொல். எந்தப் படகு இரைந்தாலும் எனக்கு அது புரியாமல் போகாது.

“ஆ, சொல்லுங்க சேட்டா” என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

“எந்தா?” என்றார் அவர்.

“மூணாம் நம்பரும் இருக்கு. அதையே போட்டுடவா?” என்றேன். மறுபக்கம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு லைன் அறுந்தது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அவரைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. திரையில் மூன்றாம் நம்பரைத் தொட்டேன். கார் வந்து நின்று, ஆசானே, டிப்ளமா சொன்னதுதான் சரி என்று அந்த மனிதர் சொல்வதுவரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

நான்கு நாளில் பெட்டி வந்தது. கார்க்காரரும் வந்திருந்தார். இவர் பெட்டியைப் பிரித்துத் தட்டை எடுத்தார். ஒன்றாம் நம்பர் தட்டு முழு வட்டமாக இருக்கும். இதில் ஆறு துண்டுகள் பூவிதழ்போல விரிந்திருந்தன. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க போன்ல மதின்னு என்னைக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன் சேட்டா. அப்புறம் லைன் கட்டாயிடுச்சு.”

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான், அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்பது கடைக்குள் இருந்த எல்லோருக்கும் தெரியும் என்று உறைத்தது. கார்க்காரருக்கு மட்டும் தெரியாது. அவர் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை கண்ணில் தெரிந்தது. இதையே போட்டுவிடலாம் என்றார்.

இவர் மறுத்திருக்கலாம். மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அந்தக் காகிதத்தைப் பாராட்டியவர் முன்னால் நான் பொய்க்காரி ஆவேன். கார்க்காரரிடமிருந்து தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை என்னிடம் நீட்டினார். எப்போதும் செய்வதுதான். நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். எந்த போல்ட்டை எந்த வரிசையில் முடுக்குவது, எங்கே கிரீஸ் தடவக்கூடாது, எல்லாம் சொன்னேன். கடைசியில் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. பந்தய மைதானத்துக்கு மட்டும், தெரு ஓட்டத்துக்கு உகந்ததல்ல.

“அவ்வளவுதான் எழுதியிருக்கா?” என்றார்.

“அவ்வளவுதான்” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் வாசிக்கக் கற்றவள் அந்தத் தாளை நான்காக மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தாள்.

அன்றும் மறுநாளும் வேலை நடந்தது. முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மிதித்து, விட்டார். மறுபடி மிதித்தார். ஐந்தாறு தடவை செய்திருப்பார். மதி என்று சொல்லவில்லை. நல்ல கனம் என்று மட்டும் சொல்லி இறங்கினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருடைய கையும் இடது முழங்காலுக்குப் போனது. எடுத்து மாற்றச் சொல்வார் என்று பயந்தேன். அவர் கார்க்காரரிடம், முதலில் ஆளில்லாத ரோட்டில் பழகணும், ஒரு மாசம் பஜாருக்குள்ளே கொண்டுவரவேண்டாம் என்றார்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து பஜார் ரோட்டுக்கு வர ஒரு சந்து. எதிரே கருங்கல் மதில். எந்தக் காரும் முன்னேபோய்ப் பின்னேவந்துதான் திருப்ப முடியும். எப்போதும்போல அவர் மதிலோரம் நின்று கையால் வழிகாட்டினார். வா, வா, இன்னும் கொஞ்சம். கார் ஒரு முழம் தூரத்தில் நின்றது. இன்னும் ஒரு சாண் வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்க வசதி. சாண் ஆனதும் மதி சொல்லத் தயாராக அவர் விரலை உயர்த்தினார். கார்க்காரர் கிளட்சிலிருந்து காலை ஒரு நூலளவு எடுத்தார். வேறு எந்தக் கிளட்சாக இருந்தாலும் நூலளவு எடுத்தால் நூலளவுதான் நகரும். இந்தத் தட்டுக்கு இரண்டே நிலை, இல்லை அல்லது முழுசாக. கார் ஒரே தாவாகத் தாவி மதிலில் இடித்து அணைந்தது.

சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. அவர் விரல் இன்னும் மேலேதான் இருந்தது. காரின் மூக்குக்கும் மதிலுக்கும் நடுவே இடது முழங்கால். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து காரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

நடக்க முடியும் என்று டாக்டர் சொன்னார். மடக்கவும் முடியும், கொஞ்ச நாளாகும். அழுத்த முடியாது. கார் ஓட்டி இடது பெடலை மிதிக்க வேண்டாம் என்றார். அவர் கட்டிலில் படுத்தபடி டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். என்ன வேலை என்று டாக்டர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது அவர் பாலக்காட்டுப் பக்கம் தங்கை வீட்டில் இருப்பதாகச் சாயாக்கடைக்காரர் சொன்னார். கிடங்கின் முன்பாதியிலும் சுக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். நான் எர்ணாகுளத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறேன். மேஜையில் என் பெயர்ப்பலகை இருக்கிறது. அங்கே எந்த உபகரணத்தின் தாளையும் கடைசி வரிவரை சத்தமாக வாசிப்பேன். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். நான்காக மடித்த அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதை அவரிடம் வாசித்துக் காட்ட பாலக்காட்டுக்கு இரண்டு தடவை டிக்கெட் எடுத்தேன். இரண்டு தடவையும் போகவில்லை. என் துணிச்சல் எல்லாம் இல்லாத இடத்தில் இடம்பிடிக்கப் பழகியது. இதற்கு அது உதவவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் பிளாஸ்க்கில் சாயா கொண்டுபோயிருந்தேன். கார்க்காரர் வந்தார். பாவம், தூங்காத முகம். வண்டியைத் தாவவிட்டது தான்தானே என்று அழுதார். அழுது முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. ஒன்றாம் நம்பர் மதி என்றுதானே நீங்கள் சொன்னீர்கள், பிறகு யார் இதை ஆர்டர் போட்டது என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சொல்வதற்கு வாயெடுத்தேன். எடுத்தேன் என்றுதான் இத்தனை வருடமாக எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

“நான்தான்” என்றார் அவர். “படகிலிருந்து மதியைக் கூப்பிட்டேன் சாரே. பேரும் வார்த்தையும் ஒண்ணாப் போச்சு. அவ கேட்டது சரிதான். என் வாயிலேதான் தப்பு.”

மதியைக் கூப்பிட்டேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், வருடக்கணக்காகக் கூப்பிட்டுப் பழகிய பெயர்போலச் சொன்னார். கார்க்காரர் நம்பிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் திரும்பி, மன்னிக்கணும் என்றார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

கார்க்காரர் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்.

“மதி, அந்தச் சாயாவை எடு” என்றார் இவர்.

பிளாஸ்க்கைத் திறந்தேன். ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயா ஏறிக்கொண்டு வந்தது. பழக்கப்படி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கும்போது ஆள்காட்டி விரல் உயர்ந்தது. அவர் உதடு ம் என்று கூடியது. கூடியபடி ஒரு கணம் நின்றது.

“போதும்” என்றார்.